களவா, தொலைந்ததா? பெங்களூரில் ஒரு புகாரும் காவல் நிலையத்தின் மீதான நம்பிக்கையும்

பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் பகுதியில், மூன்று தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஒரு தெருவிலிருந்து ஓர் அம்மையார் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வி இது. நான்கு மாதங்களுக்குள் அவர்கள் தெருவில் இரண்டு பைக்குகள் திருட்டுப் போயின; ஒரு பாட்டியின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள்; மூன்று பேரின் கைப்பேசிகள் பறிபோயின. பாதிக்கப்பட்ட ஆறு பேரில் இருவர் மட்டுமே காவல் நிலையத்துக்குப் போனார்கள். "போனால் அலைச்சல்தான் மிச்சம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். உண்மையிலேயே போவதில் பயன் உண்டா? மக்களுக்கு ஏன் போலீஸ் மீது நம்பிக்கை வருவதில்லை? தெருக்காரர்களாகிய நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

மேயோ ஹால் நீதிமன்றங்களில் இருபத்தாறு ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். பெரிய வழக்குகளை விட இத்தகைய சிறிய வழக்குகளுக்காகவே நான் அதிகம் காவல் நிலைய பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆறு பேரும் போயிருக்க வேண்டும், இப்போதும் போகலாம். ஆனால் போகாத நால்வரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் திருடன் பிடிபடாததில் இல்லை என்பது என் அனுபவம். எல்லாத் திருடர்களும் பிடிபட மாட்டார்கள் என்பது மக்களுக்குத் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். தான் சொன்னதை எதிரே இருப்பவர் சொன்னபடியே எழுதவில்லை என்று தெரியும் இடத்தில்தான் நம்பிக்கை உடைகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இருவர் அவர் கையிலிருந்த மொபைலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போய்த் தமிழும் கன்னடமும் கலந்து நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தவர் பரிவோடுதான் பேசியிருக்கிறார். "கவலைப்படாதீர்கள் அம்மா, ஒரு காகிதம் தருகிறேன், இதைக் காட்டினால் அதே நம்பரில் புது சிம் தருவார்கள்" என்று அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து, "என் கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டுச் சொல்லுங்கள் சார்" என்று அந்தத் தாளை என் மேசை மேல் வைத்தார். அது வழக்கே இல்லை. மொபைல் தொலைந்துபோனதாக அவரே தெரிவித்ததற்கான ஒப்புகை அது. ஆறு மாதமாக அவர் காத்திருந்த விசாரணை தொடங்கவே இல்லை என்று நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நம் மொழிக்கும் கன்னடத்துக்கும் இடையில் உள்ள ஒரு நுட்பத்தைத் தமிழர்கள் கவனிக்க வேண்டும். கன்னடத்தில் திருட்டுக்கு 'களவு' என்றே ஒரு சொல் உண்டு. நாம் 'களவு போயிற்று' என்பதை அவர்கள் 'களவாகிதெ' என்பார்கள். தொலைந்துபோனதைக் 'களெது ஹோகிதெ' என்பார்கள். காதுக்கு இரண்டும் அருகருகே ஒலிக்கின்றன. கன்னடம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம்மவர்கள் இந்நகரில் ஏராளம். எழுதியதை ஒருவர் வேகமாக வாசித்துக் காட்டினால், தாங்கள் சொன்ன களவுதான் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சட்டத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதலாவது குற்றம், இரண்டாவது வெறும் தகவல்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இது முன்பை விடத் தெளிவாகியிருக்கிறது. சங்கிலியையோ கைப்பேசியையோ திடீரென்று பறித்துச் செல்வது 304-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் பறிப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கவில்லை. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு; காவல் துறை நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் தானே வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. சாதாரணத் திருட்டு 303-ஆம் பிரிவில் வருகிறது. அதில் மக்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒரு மாற்றம் இருக்கிறது: திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், மாஜிஸ்திரேட்டின் உத்தரவில்லாமல் காவல் துறை அதை விசாரிக்க முடியாது. நான்காயிரம் ரூபாய்ப் பழைய மொபைல் பையிலிருந்து திருடப்பட்டால் என்.சி.ஆர். என்ற, விசாரணை தொடங்காத பதிவேட்டோடு நின்றுவிடலாம். அதே மொபைல் கையிலிருந்து பறிக்கப்பட்டால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம். எனவே "மொபைல் போய்விட்டது" என்று பொதுவாகச் சொல்லாமல், கையில் இருந்ததா, பையில் இருந்ததா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள், எப்படிப் பிடுங்கினார்கள் என்று நடந்தது நடந்தபடி சொல்வது மிக முக்கியம். ஏழை ஒருவருக்கு நான்காயிரம் ரூபாய் மொபைல் அவருடைய அரை மாத வாழ்க்கை. சட்டம் அதைச் சிறியதாகப் பார்ப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

எஃப்.ஐ.ஆர். பற்றிய அடிப்படை விதி 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பால் உறுதியாயிற்று. கொடுத்த தகவலிலிருந்து காவல் துறை தானே விசாரிக்கக்கூடிய குற்றம் வெளிப்பட்டால், வழக்குப் பதிவது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல, கட்டாயம். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இதில் ஒரு சிறு வாசலைத் திறந்திருக்கிறது: மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், உயர் அதிகாரியின் அனுமதி பெற்று, பதினான்கு நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம். பதினான்கு நாள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதைக் காட்டி மாதக் கணக்கில் இழுத்தடிக்க முடியாது. அதே பிரிவு, வாயால் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. வாசித்துக் காட்டுவது சொன்னவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்லுங்கள் என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். கன்டோன்மென்ட் பகுதிக் காவல் நிலையங்களில் தமிழ் தெரிந்த ஏட்டோ கான்ஸ்டபிளோ இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

இனி, காவல் நிலையத்தில் ஏன் இப்படி நடக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எழுதாமல் விடுபவர் எல்லோரும் சோம்பேறிகளோ கையூட்டுக்காரர்களோ அல்லர். ஓர் எஃப்.ஐ.ஆர். போட்டால் அதற்கு ஒரு கோப்பு, ஒரு விசாரணை அதிகாரி, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் மகஜர், சாட்சி வாக்குமூலங்கள், நீதிமன்றத்துக்கு அறிக்கை என்று ஒரு சங்கிலி தொடங்குகிறது. முந்தின நாள் விதான சௌதா பக்கம் பந்தோபஸ்துக்குப் போய் நள்ளிரவில் திரும்பிய அதே சப்-இன்ஸ்பெக்டர்தான் காலையில் இதையும் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டுபிடிக்க முடியாத வழக்குகளின் எண்ணிக்கை மேலதிகாரிகளின் மாதாந்திரக் கூட்டத்தில் அந்த நிலையத்தின் குறையாகவே பேசப்படுகிறது. பத்துப் பறிப்புகளை எழுதி இரண்டைக் கண்டுபிடித்த இன்ஸ்பெக்டர் திட்டு வாங்குகிறார். மூன்றை மட்டும் எழுதி இரண்டைக் கண்டுபிடித்தவர் பாராட்டுப் பெறுகிறார். இந்தக் கணக்கு மாறாதவரை நல்ல மனிதர்களும் 'தொலைந்தது' என்று எழுதத்தான் செய்வார்கள். இதைத் திருத்த வேண்டிய பொறுப்பு புகாரை எழுதும் ரைட்டரின் மேசையில் இல்லை. கமிஷனர் அலுவலகத்திலும் அரசிலும் இருக்கிறது. நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டாண்டு பதவிக்காலம் வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருவின் முகம் பழகுவதற்குள் இன்ஸ்பெக்டர் மாறிப் போவது பல ஆண்டுகளாக நம் கண்ணெதிரே நடந்துவருகிறது.

எழுதாமல் விட்ட குற்றத்தின் விளைவு அந்த ஒருவரோடு முடிவதில்லை. உங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சம்பவங்களில் நான்கு புகாராகவே போகவில்லை; போன இரண்டில் ஒன்று தொலைந்ததாக எழுதப்பட்டிருக்கலாம். காவல் துறையின் ஏட்டில் உங்கள் தெருவில் நான்கு மாதத்தில் நடந்தது ஒரே ஒரு குற்றம். இரவு ரோந்துக்கு எந்தச் சந்தில் ஆள் போட வேண்டும், ஹொய்சளா என்ற போலீஸ் ரோந்து வாகனம் எங்கே நிற்க வேண்டும், கேமரா எங்கே பொருத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த ஏட்டைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து நடந்த சேஃப் சிட்டி திட்டத்தில் ஆயிரக்கணக்கான கேமராக்களும், 2023 நவம்பரில் திறக்கப்பட்ட கட்டுப்பாட்டு மையமும் இந்நகருக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று மனிதர்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். போலீஸ் வருவதில்லை என்று மக்கள் புகார் கொடுப்பதை விடுகிறார்கள். புகார் இல்லை என்று போலீஸ் வருவதில்லை. இந்தச் சுழலை முதலில் அறுக்க வேண்டியது காவல் துறைதான், ஏனென்றால் சம்பளமும் அதிகாரமும் அவர்களிடம் இருக்கின்றன. ஆனால் அவர்கள் அறுக்கும்வரை காத்திருந்தால் இழப்பு நமக்கு.

தமிழர்களுக்கு மட்டுமே உரிய ஒரு தயக்கமும் இதில் கலந்திருக்கிறது. அதைப் பேசாமல் போனால் பதில் முழுமையாகாது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி வெடித்த கலவரத்தில் இந்நகரத் தமிழர்கள் தாக்கப்பட்டதை நேரில் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. பதினாறு காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. அந்த இரவுகளில் கூப்பிட்டவுடன் ஓடி வந்த காவலர்களும் உண்டு, வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு என்று முதியவர்கள் இரண்டு விதமாகவும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று பலத்த போலீஸ் பாதுகாப்போடு திறக்கப்பட்டதையும் அதே முதியவர்கள் மறக்கவில்லை. ஆக, நம்மவர்களின் மனத்தில் காவல் துறை என்பது ஒரே படமாக இல்லை. அதன் விளைவாக ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது: எதுவாக இருந்தாலும் நேரே நிலையத்துக்குப் போகாமல், பகுதியில் செல்வாக்குள்ள ஒரு 'லீடரை'ப் பிடித்து, அவரை முன்னால் விட்டுப் பின்னால் போவது.

இந்தப் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அந்த லீடர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வந்தவுடன் குற்றம் ஒரு பஞ்சாயத்தாக மாறிவிடுகிறது. எழுத்தில் எதுவும் வராது. "பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு சொல்லோடு எல்லோரும் டீ குடித்துவிட்டு வருவார்கள். திருடியவன் அதே பகுதிப் பையனாக இருந்தால் பாதிப் பணத்தோடு சமரசம் ஆகும். அடுத்த முறை உங்களுக்கு அவர் இல்லாமல் அந்த வாசலில் நுழையத் துணிவு வராது. லீடரின் பலம் நாளுக்கு நாள் ஏறும், உங்கள் உரிமை அதே அளவுக்கு இறங்கும். மொழித் துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையை அழைத்துப் போங்கள், அதுவே போதும்.

ஒரே தெருவில் நம்பிக்கை இரண்டு விதமாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். சங்கிலியை இழந்த பாட்டிக்குப் போலீஸ் சீக்கிரம் வரவில்லை என்பது குறை. அதே தெருவின் கடைசியில், தகரக் கூரை வீட்டில் இருக்கும் தாய்க்கோ போலீஸ் அடிக்கடி வருகிறது என்பதே குறை. எங்கே பறிப்பு நடந்தாலும், முன்பு ஒரு சண்டையில் பெயர் அடிபட்ட அவள் மகனைத்தான் முதலில் அழைத்துப் போகிறார்கள். ஒரு முறை 'ரவுடி ஷீட்' என்ற கண்காணிப்புக் கோப்பைத் திறந்துவிட்டால் அது மூடப்படுவதற்குள் அவன் இளமை போய்விடுகிறது. வேலைக்குப் போன இடத்திலெல்லாம் அந்தப் பெயர் முன்னால் போய் நிற்கிறது. தெருக் கூட்டத்தில் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இந்தத் தாயையும் உட்கார வையுங்கள். சந்தேகத்தின் பேரில் ஒரு பையனைப் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பதும், வடகிழக்கிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வேலைக்கு வந்தவர்களைப் பார்த்தவுடன் திருடர்கள் என்று முடிவு கட்டுவதும் குற்றம். அது உங்கள் புகாரையும் கெடுத்துவிடும். விசாரணைக்கு அழைத்துச் செல்லப்படுபவருக்கும் சட்டம் இருக்கிறது: ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது கட்டாயமில்லை, நோட்டீஸ் கொடுத்து அழைக்கலாம், கைது செய்தால் வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியும் பதியும் கேமராக்கள் இருக்க வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டது; அது புகார் கொடுக்கப் போகிறவருக்கும் பாதுகாப்பு.

சம்பவம் நடந்த அந்த நேரத்தில் என்ன செய்வது என்பது சுருக்கமாகச் சொல்லக்கூடியது. 112-ஐ அழையுங்கள், தெரிந்த காவலரின் சொந்த எண்ணை அழைப்பதை விட இது நல்லது, ஏனென்றால் அழைத்த நேரமும் வாகனம் வந்த நேரமும் பதிவாகின்றன. ஹொய்சளா வாகனத்தில் வந்தவர்களிடம் சொல்வது மட்டும் புகார் ஆகாது. நிலையத்துக்குப் போய் எழுத்தில் கொடுக்க வேண்டும். "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலைப் புதிய சட்டம் ஏற்பதில்லை. எந்த நிலையத்திலும் பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். புதிதாக வந்தவர்களுக்கு இது நிறையவே உதவும். அல்சூர் நிலையம் என்று நினைத்து, பழைய பேட்டைப் பக்கம் இருக்கும் ஹலசூரு கேட் நிலையத்தில் போய் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் ஒன்று போல இருந்தாலும் இரண்டுக்கும் இடையில் பல கிலோமீட்டர். நேரில் போக முடியாதவர் மின்னணு முறையில் தகவல் அனுப்பி, மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திடலாம். பறிபோனது மொபைல் என்றால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அதன் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணை முடக்கிவிடுங்கள், அதற்கு நிலையத்தின் புகார் நகல் தேவைப்படும்.

பக்கத்துக் கடைகளின் கேமரா பதிவுகளை அன்றோ மறுநாளோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சிறு கடைகளில் சில நாள்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். நான் நடத்திய ஒரு பைக் திருட்டு வழக்கில் விசாரணை அதிகாரி பன்னிரண்டாம் நாள் கடைக்குப் போனார். பத்து நாள் பதிவுதான் அங்கே இருந்தது. அந்த அதிகாரி உண்மையிலேயே வருந்தினார். வண்டி கிடைக்கவில்லை. பதிவை எடுத்துக் கொடுப்பவர், மின்னணுப் பதிவுகளுக்கென்று புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் தர வேண்டியிருக்கும். அதை அதிகாரியே எழுதி வாங்கிக்கொள்வார்.

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு வரும் மௌனம்தான் பலரை முற்றாக மனமொடியச் செய்கிறது. இங்கே ஒரு புதிய உரிமை இருக்கிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 193-ஆம் பிரிவு சொல்கிறது. மின்னணு முறையிலும் தெரிவிக்கலாம். குற்றவாளி கிடைக்காவிட்டால் கர்நாடகத்தில் 'சி ரிப்போர்ட்' என்பார்கள். குற்றமே நடக்கவில்லை அல்லது புகார் தவறு என்றால் 'பி ரிப்போர்ட்'. இந்த இரண்டு எழுத்துகளின் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். சி ரிப்போர்ட் போடப்பட்ட வழக்கு இறந்துவிடுவதில்லை; பின்னால் ஒரு திருட்டுக் கும்பல் பிடிபட்டு, அடகுக் கடையிலிருந்து நகைகள் மீட்கப்படும்போது, பழைய எஃப்.ஐ.ஆர்.களைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாத சங்கிலிக்கு உரிமையாளர் கிடையாது. மீட்ட பொருளை வழக்கு முடியும்வரை நிலையத்தில் பூட்டி வைக்க வேண்டியதில்லை, புகைப்படமும் விவரப் பட்டியலும் எடுத்துக்கொண்டு உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலையத்துக்கு வெளியே மழையில் துருப்பிடித்துக் கிடக்கும் பைக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீர்ப்புதான் நினைவுக்கு வரும். அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மாதத் தவணை கட்டிய வண்டி.

புகாரை வாங்க மறுத்தால் சண்டை போடாதீர்கள். எழுதிய புகாரைப் பதிவுத் தபாலில் துணை கமிஷனருக்கு அனுப்புங்கள், மாவட்டங்களில் எஸ்.பி.க்கு உள்ள இடம் இந்நகரில் அவருக்கு. அதற்கும் பலனில்லாவிட்டால் உறுதிமொழிப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். எஃப்.ஐ.ஆர். எழுத மறுக்கும் எல்லா அதிகாரிகளுக்கும் சிறைத் தண்டனை உண்டு என்று சிலர் சொல்வது சரியல்ல. அந்தப் பிரிவு பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு போன்ற சில குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். திருட்டுப் புகாரில் அதைச் சொல்லி மிரட்டினால் நீங்கள்தான் விவரம் தெரியாதவராக ஆவீர்கள்.

எல்லாம் இருட்டாக இல்லை. சித்ரா பௌர்ணமியை ஒட்டி அல்சூரில் பூப்பல்லக்குகள் வரும் இரவையும், செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் மாதா கோவில் தேர் வரும் மாலையையும் நினைத்துப் பாருங்கள். எத்தனை ஆயிரம் பேர் கூடுகிறார்கள்! அதற்கு முன்பே காவல் நிலையத்தில் கூட்டம் போட்டு, எந்தப் பல்லக்கு எந்தத் தெருவில் திரும்பும் என்று கோவில் பெரியவர்களும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த இரவுகளில் நம் பெண்கள் நகை அணிந்து போகத் தயங்குவதில்லை. அதே மனிதர்கள், அதே தெரு. பேசி வைத்திருக்கும் நாளில் நம்பிக்கை தானாக வருகிறது. பேசாத முந்நூற்று அறுபது நாள்களில் அது இல்லை.

அந்தப் பேச்சுக்கு இப்போது வழிகள் இருக்கின்றன. 2017-இல் கர்நாடகக் காவல் துறை, பகுதி பிரித்து ரோந்து போகும் பீட் முறையை மாற்றி, ஒவ்வொரு சிறு பகுதிக்கும் பொறுப்பான காவலர் ஒருவரை நியமித்தது. உங்கள் தெருவுக்கும் ஒருவர் இருப்பார், அவர் பெயரை நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். 2025 ஜூலையில் 'மனெ மனெகெ போலீஸ்' என்று, காவலர்களே வீடு வீடாகச் சென்று குறை கேட்கும் திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் வீட்டுக்கு வரும் காவலரிடம் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று மரியாதைக்காகச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஆறு சம்பவங்களையும் தேதியோடு சொல்லுங்கள். மாதந்தோறும் நான்காம் சனிக்கிழமை காவல் நிலையங்களில் மக்களைச் சந்திக்கும் ஜனசம்பர்க்க நாள் நடத்தும் வழக்கமும் இருக்கிறது. துணை கமிஷனர் நிலையிலான அதிகாரிகளே வந்து உட்காருவார்கள். தனியாகப் போவதை விட ஆறு குடும்பத்தாரும் சேர்ந்து போனால் அது வேறு விதமாகக் கேட்கப்படும். நான் ஒருமுறை பதினொரு பேரோடு போனேன். மூன்று வாரத்தில் அந்தச் சந்தில் இரவு இரண்டு மணிக்கு ரோந்து வரத் தொடங்கியது. அங்கே எரியாமல் கிடந்த தெருவிளக்குக்கு மாநகராட்சிக்குக் கடிதம் எழுதியவரும் அந்த இன்ஸ்பெக்டர்தான்.

உங்கள் ஆறு சம்பவங்களுக்கு வருகிறேன். இரண்டு பைக்குகளின் உரிமையாளர்களும் தாமதிக்காமல் போக வேண்டும். அந்த வண்டி வேறொரு குற்றத்துக்குப் பயன்பட்டால் பதிவெண் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது, காப்பீட்டு நிறுவனமும் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பணம் தராது. தாமதத்துக்கான காரணத்தைப் புகாரில் ஒரு வரி எழுதினால் போதும். காலம் கடந்தது என்பதற்காக மட்டும் புகாரைத் தள்ள முடியாது. பாட்டியின் சங்கிலிக்கு நகைக்கடை ரசீது இல்லாவிட்டால், அதை அணிந்திருக்கும் கல்யாணப் புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே நிலையத்துக்குப் போய் வந்த இருவரும் தங்களிடம் இருக்கும் தாளை எடுத்து, கன்னடம் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, அதில் குற்ற எண் இருக்கிறதா, எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கட்டும். 'களெது' என்று இருந்தால், நடந்ததை நடந்தபடி எழுதிய புதிய புகாரோடு அதே நிலையத்துக்கு மறுபடி போய், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கி வாருங்கள்.